வியாழக்கிழமைக்காரி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். கறுப்பா சிவப்பா, குட்டையா நெட்டையா, தாலி கட்டியவளா கட்டாதவளா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அவள் குரல் மட்டும் தெரியும். பாகலூரில் அந்தக் குரலை அறியாத நாய்கூடக் கிடையாது. சாயங்காலம் ஆறரை மணிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில், ரேடியோப் பெட்டிக்குள் இருந்துகொண்டு, "வணக்கம், கிராமத்து நேயர்களே" என்று ஆரம்பிப்பாள். எனக்கு ஆறு மணிக்கே வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

முதலில் இவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பெண்டாட்டி வாயால் சொன்னால் புருஷன் ஆயுசில் ஒரு பிடி குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பெருமாள் கோயிலில் உள்ளங்கையில் ஊற்றுகிறார்களே, அதை நான் "துளசித் தண்ணி" என்றுதான் கேட்பேன். அதற்கு மற்றவர்கள் சொல்கிற சொல்தான் இவர் பெயரில் பாதி. அர்ச்சகருக்கு விஷயம் தெரியும், சிரித்துக்கொண்டே ஊற்றுவார்.

எங்கள் சனத்தில் ஒருத்தி புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்ல இரண்டே இடம்தான் உண்டு. ஒன்று, அவன் பிணத்தின் மேல் விழுந்து அழும்போது. இன்னொன்று, இவனோடு எனக்கு இனி ஒத்துவராது என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அத்துக்கொள்ளும்போது. அப்போது மூன்று தடவை அவன் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் அவள் யாரோ, அவன் யாரோ.

நான் நாகரசம்பட்டிக்காரி. எங்கள் ஊரில் தமிழ்தான். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா ஆபீசுக்குப் போனால் மட்டும் தமிழ் என்று இருந்தது. நான் வாயைத் திறந்தாலே இவர் சிரிப்பார். "நாடகக்காரி வசனம் பேசற மாதிரி இருக்குது" என்பார். எனக்கு ரோஷம். தெலுங்கைக் கற்றுக்கொண்டு என் தமிழை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். அப்படிப்பட்ட மனிதர், வேறொருத்தி பேசும் தமிழுக்கு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

மொழிவாரியாக நாடு பிரித்து, பாகலூர் இந்தப் பக்கம்தான் என்று முடிவான மறு வருஷம் அந்தப் பெட்டி வந்தது. எங்கள் ஊரில் அப்போது கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் பெட்டி. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் வைக்க வேண்டும் என்று சர்க்கார் கட்டளை. பெட்டியைப் பூட்டித் திறக்க ஒரு ஆள் வேண்டுமென்றபோது பஞ்சாயத்து பிரசிடெண்ட் நாராயணப்பன் இவரைக் கை காட்டினார். எங்கள் வீடு ஆபீசுக்குப் பின் தெருவில். இவருக்கு எழுதப் படிக்கவும் தெரியும். சாவி இவர் அரைஞாணில் ஏறிய அன்றைக்கே எனக்குச் சனி பிடித்தது.

நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இவருக்கு வேறு எதன் மேலும் இப்படிப் பித்துப் பிடித்ததில்லை. அதாவுல்லா பாயின் டீக்கடைக்கு ஓசூர் பஸ்ஸில் பேப்பர் வரும். பாய் உரக்கப் படிப்பார், இவரும் போய்க் கேட்பார். ஆனால் பேப்பர் யாரைப் பார்த்துப் பேசுகிறது? மந்திரி வந்தார், மந்திரி போனார், தஞ்சாவூரில் மழை. பாகலூரில் ஒருத்தன் காது கொடுத்துக் கேட்கிறான் என்று பேப்பருக்குத் தெரியுமா? "அப்புறம் என்னா ஆச்சு பாய்?" என்று யாராவது கேட்டால் பாய் தன் சொந்தச் சரக்கில் நாலு வரி சேர்ப்பார், அவ்வளவுதான்.

தமுக்குக்காரன் சென்றாயன் தெருமுனையில் நின்று அடித்தால் அது ஊருக்குச் சொன்னது. வரி கட்டச் சொல்லி அடித்தான் என்றால் அவனவன் அடுத்தவன் முகத்தைப் பார்ப்பான். ஓசூர் டெண்ட்டுக் கொட்டகையில் சினிமாவும் பார்த்திருக்கிறோம். ஒருத்தி மூன்று மணி நேரம் அழுதாள். யாரைப் பார்த்து அழுதாள்? கூட நடித்தவனைப் பார்த்து. நாங்கள் மணலில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுச் சண்டையை வேலி இடுக்கில் பார்க்கிற மாதிரி பார்த்தோம். அவள் என்னமோ ரதிதான். இவரும் கண் கொட்டாமல்தான் பார்த்தார். எனக்குப் பொறாமை வரவில்லை. அவளுக்கு இவர் யாரென்றே தெரியாதே!

இந்த ரேடியோக்காரி அப்படியா? அவள் "நீங்கள்" என்கிறாள். "வயலிலிருந்து களைத்து வந்திருப்பீர்கள், சற்றுக் காலை நீட்டி உட்காருங்கள்" என்கிறாள். அங்கே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால் ஐம்பது பேரும் தன்னைத்தான் சொல்கிறாள் என்று காலை நீட்டுகிறார்கள். இதையே நான் வீட்டில் சொன்னால், "வந்ததும் வராததுமா என்னா நச்சு" என்கிறார்.

அவள் பேச்சைக் கேட்கப் போவதற்கு இவர் செய்துகொள்ளும் ஜோடனை இருக்கிறதே, கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு செய்துகொள்ளவில்லை. சாயங்காலம் ஆனால் குளியல், தலைக்கு எண்ணெய், சலவை வேட்டி.

"யாருக்குக் காட்ட இந்த வேசம்? அந்தப் பொட்டிக்குக் கண்ணா இருக்குது?" என்று கேட்டேன்.

"சாவி வெச்சிருக்கறவன் நாலு பேரு முன்னால கந்தையக் கட்டிகினா நிப்பான்?" என்றார்.

பதில் என்னவோ சரியாகத்தான் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

பெண்கள் அங்கே போவதில்லை. அது ஆண்கள் உட்காரும் இடம். நாங்கள் அவரவர் வாசலிலிருந்து கேட்போம். காற்று எங்கள் பக்கம் அடித்தால் முழுசாகக் காதில் விழும், திசை மாறினால் தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கமாக விழும்.

வியாழக்கிழமை வந்தால் அவள் கடிதங்களுக்குப் பதில் சொல்லுவாள். விவசாயத்தில் சந்தேகம் உள்ளவர்கள் ஒரு கார்டு எழுதிப் போட்டால், எழுதியவர் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுப் பதிலைப் படிப்பாள். அந்த வருஷம் நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்பூச்சி கண்டது. எழுதித்தான் பார்ப்போமே என்று ஊரே சொல்லி, இவர் எழுதிப் போட்டார். சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, "சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா, பாகலூரிலிருந்து கேட்கிறார்..." என்றாள். பிறகு இவர் பெயரைச் சொன்னாள்.

சும்மா சொல்லவில்லை. முதலெழுத்தோடு, "அவர்கள்" என்று மரியாதையோடு, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி சொன்னாள். நான் அடுப்புக்கு விறகு ஒடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் இவரோடு வாழ்ந்து, இரண்டு பிள்ளை பெற்று, நான் நாக்கால் தொடாத சொல் அது. சாமி முன்னால்கூட நான் சுற்றிக்கொண்டு போகிற சொல். எங்கேயோ பட்டணத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஒருத்தி, ஊரே கேட்க, அதைக் கூசாமல் எடுத்துப் பேசுகிறாள்!

இவர் அங்கே எழுந்து நின்று கைகூப்பி, "ஆமாங்க, நான்தானுங்க" என்றாராம். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்து சொன்னாள். அன்று ராத்திரிக் குழம்பில் நான் உப்பே போடவில்லை. வேண்டுமென்றுதான். இவர் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குது" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதற்கப்புறம் கார்டு மேல் கார்டு. கேழ்வரகுக்கு ஒன்று, அவரைக்கு ஒன்று, ஏரி மண் அடிப்பதைப் பற்றி ஒன்று. கேட்பதற்குப் பயிர் தீர்ந்துபோனதும் என் மாட்டில் கை வைத்தார். ஈன்ற பிறகு மாடு சரியாகக் கறக்கவில்லை என்று நான் இவரிடம் சொன்னேன். இவர் அவளிடம் சொல்லிவிட்டார். என் அப்பா எனக்குச் சீராக ஓட்டிவிட்ட பசுவின் கன்று அது. அதன் மடியைப் பற்றி அவள் ஊரெல்லாம் கேட்கப் பேசினாள். கொள்ளு வேகவைத்து வெல்லம் போட்டு வைக்க வேண்டுமாம். கறக்கும் முன்னால் மடியில் வெந்நீர் ஒற்றடம் கொடுக்க வேண்டுமாம்.

"அன்போடு தடவிக் கொடுக்கணும்னும் சொன்னாங்க" என்றார் இவர், வீட்டுக்கு வந்து.

"அவங்களையே வந்து தடவச் சொல்லுங்க. மாடு ஒதைக்கறதும் தெரியட்டும்" என்றேன்.

ஆனால் மாட்டுக்காகச் செய்தேன். அது பலித்துத் தொலைத்தது. மாடு செம்பு நிறையக் கறந்தது. இவர் என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்க்கவில்லை, பஞ்சாயத்து ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தார்.

ஊருக்கு நல்ல வேடிக்கை. கிணற்றடியில் துணி துவைக்கும்போது வெள்ளையம்மா ஆரம்பித்தாள்.

"ஏமே ஜோதி, உன் சக்களத்தி உங்க மாட்டையெல்லாம் விசாரிச்சாளாமே. அடுத்தது பிள்ளைங்க படிப்பா?"

"அவ நாக்கு அழுவ" என்றேன். துணியை அடித்த அடியில் கரை கிழிந்தது.

வெள்ளையம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நெசமாவேதான் உள்ளுக்குள்ள வேவறியா? அடிப் பைத்தியமே. பேரு சொல்றவ எப்பிடி பொண்டாட்டி ஆவா? ஊருல ஆம்பளைங்க அத்தன பேரும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடறாங்க. கூப்பிட முடியாதவ ஒருத்திதான். அவதான் பொண்டாட்டி. அவ பேரச் சொல்லிட்டா இல்ல? அப்ப அவ யாரோ எவளோ. போயி களி கிண்டற வேலையப் பாரு."

மோர் குடித்த மாதிரி இருந்தது எனக்கு. இரண்டு மூன்று வியாழக்கிழமை நிம்மதியாகப் போயிற்று. அவள் இவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம், "சொல்லுடி, நல்லாச் சொல்லு" என்று அடுப்பங்கரையில் நின்று சிரித்தேன். ஆனால் பொறாமைக்கு நியாயம் சொல்லிப் புரியவைக்க முடியுமா? அது கேட்டுக்கொள்ளும், தலையை ஆட்டும், ராத்திரி மறுபடி வந்து நெஞ்சில் உட்காரும்.

அந்தச் சமயத்தில்தான் இவர் மாமரத்தைப் பற்றிக் கார்டு எழுதினார். எங்கள் நிலத்தில் மாமரமே கிடையாது. நாகரசம்பட்டியில் என் அப்பாவுக்குத் தோப்பு இருக்கிறது. வருஷா வருஷம் கூடை கூடையாகச் சாப்பிட்டவர், "மாமா, மாம்பிஞ்சு ஏன் கொட்டுது?" என்று என் அப்பாவை ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளைக் கேட்கிறார்!

ஆனி மாதம் அப்பா பழக்கூடையோடு வந்தார். வந்த நாள் வியாழக்கிழமை. ஏழரை மணி பஸ்ஸில் ஓசூர் போய் அங்கிருந்து ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார். நான் காலையிலேயே இவரிடம் சொன்னேன்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குச் சாவிய வேற யார்கிட்டயாவது குடுங்க. எங்கப்பாகூட ஒக்காந்து சாப்புடணும் நீங்க."

"அதுக்கு என்னா, ஆபீசுக்கு எதிர்வீட்டுத் திம்மப்பன்கிட்ட குடுத்துட்டா ஆச்சு" என்றார். சொன்னபடி சாவியைக் கொடுத்துவிட்டும் வந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். ஆறரை மணிக்கு மாமனும் மருமகனும் எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்தார்கள். அப்பா எருமை விலையைப் பற்றிப் பேசினார், இவரும் பதில் சொன்னார். நான் இரண்டாம் தடவை சோறு போட்டேன்.

காற்று எங்கள் பக்கம் அடித்தது. "சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா" என்று அவள் குரல் வந்தது.

இவர் கை இலையில் அப்படியே நின்றது. "பாகலூர்" என்றாள். இவர் எழுந்துவிட்டார். "ஒரு நிமிசம் மாமா" என்று சொல்லி, எச்சில் கையோடு, செருப்புக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

பெரியவர் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாதி இலையில் எழுந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். அப்பா பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?" என்று கேட்டார்.

அவர் திட்டியிருந்தால் நான் வீட்டோடு இருந்திருப்பேன். அந்தக் கேள்வியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வெள்ளையம்மா சொன்ன வார்த்தை அப்போது மண்டைக்குள் தலைகீழாக நின்றது. கூப்பிட முடியாதவள்தான் பெண்டாட்டி. சரி, கூப்பிட்டுவிட்டால்? கூப்பிட்டுத் தொலைத்துவிட்டு அப்பாவோடு அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால், எவள் யார் பெயரைச் சொன்னால் எனக்கென்ன? இந்த எரிச்சலாவது விடும்.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் நடுவில் நடந்தேன். பாதி பேர் என்னைப் பார்த்து முண்டாசைச் சரிசெய்தார்கள். இவர் பெட்டிக்கு நேர் எதிரே நின்றிருந்தார். எச்சில் கை வேட்டியில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். முகம் கோயிலில் நிற்கிற முகம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

முதுகுக்குப் பின்னால் நின்று இவர் பெயரைச் சொன்னேன்.

முதலெழுத்து இல்லை, "அவர்கள்" இல்லை. நாகரசம்பட்டியில் காட்டில் நின்று ஆளைக் கூப்பிடுகிற தொண்டையில், வெறும் பெயரைச் சொன்னேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். திம்மப்பன் வாயிலிருந்த பீடி மடியில் விழுந்தது. பெட்டிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. மாம்பிஞ்சு உதிர்வதற்கு என்ன மருந்து தெளிப்பது என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

நாராயணப்பன் மெதுவாக எழுந்தார். ஊரில் அத்துவிடுகிற பஞ்சாயத்தெல்லாம் அவர் தலைமையில்தான் நடக்கும்.

"யம்மா ஜோதி, ஒண்ணு சொல்லிட்டே. இன்னும் ரெண்டு இருக்குது. கோவத்துல வாய் தவறிடுச்சுன்னு சொல்லு, நாங்க ஒண்ணியும் காதுல வாங்கலன்னு எழுந்து போயிடறோம். இல்ல மனசாரத்தான் சொன்னேன்னா, ஒங்கப்பனும் இன்னிக்கு இங்கதான் இருக்கறாரு, கூப்புட்டு வரச் சொல்றேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் போய்ப் பெட்டியின் குமிழைத் திருகினார். அவள் பாதி வார்த்தையில் அடங்கிப்போனாள். வியாழக்கிழமையில் அப்படி ஒரு காரியத்தை இவர் செய்வார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பிறகு என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது, மீதி இரண்டையும் சொல்லச் சுலபமாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"ஏம்பா, புத்தி பெசகிடுச்சா? சொன்னா ரெண்டாவது ஆயிடும்" என்று நாராயணப்பன் அதட்டினார்.

"ஆனா ஆவட்டுமுங்க." இவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கம்மா என்னைப் பெத்த அன்னிக்கே போயிட்டா. அக்கா தங்கச்சி இல்ல. ஊருப் பொம்பளைங்களுக்கு நான் தாயில்லாப் பையன், அதுதான் பேரு. எங்க நாயனா, பெத்த அப்பன், அவருக்கு நான் ‘ஒரேய்’. கட்டுனவளுக்கு ‘இந்தாங்க’. ஒரு பொம்பள வாயில எம்பேரு எப்பிடி இருக்கும்னு இந்தப் பொட்டி வந்துதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுகூட எல்லாப் பேரையும் சொல்ற மாதிரிதான் எம்பேரையும் சொல்லுது, எனக்குத் தெரியாதா? இப்ப இவ சொன்னா. இது வேற மாதிரி இருக்குது." கண் கலங்கியிருந்தது. எச்சில் கையைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார். "இன்னொரு தடவ சொல்லு, ஜோதி."

என் பெயரை இவர் சொன்னதும் எனக்குப் புதிது. நான் அதைப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அப்போது என் வாயில் இவர் பெயர் மட்டும்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று உதடு வரை வந்தது. அந்த மனிதர் வாழ்நாளில் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை, சாப்பாட்டில் உப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்டது இது ஒன்று. சொன்னால் இரண்டாகிவிடும். இரண்டு சொன்ன வாய் மூன்றாவதைச் சொல்லாது என்று எனக்கு நம்பிக்கையில்லை, என் கோபம் எனக்குத் தெரியும்.

"மாட்டேன்" என்றேன்.

"ஒரே ஒரு தடவ."

"மாட்டேங்க. பொண்டாட்டி எப்பிடிச் சொல்லுவா?"

சுற்றி இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். "அப்புறம் என்னாப்பா, அவளே சொல்லிட்டா. எழுந்து போங்க எல்லாரும்" என்று நாராயணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். யாரோ சிரித்தார்கள், யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்றார்கள். இவர் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. பெண்டாட்டி மிஞ்சியதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர், எதையோ பறிகொடுத்த மாதிரி எனக்கு முன்னால் நடந்தார். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு, ஆறிப்போன சோற்றில் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அப்பா பஸ்ஸை விட்டுவிட்டு மறுநாள் காலையில் போனார்.

அடுத்த நாளே இவர் சாவியைத் திம்மப்பனிடமே விட்டுவிட்டார். கார்டு எழுதுவதும் நின்றது. சாயங்காலம் வீட்டிலேயே உட்கார்ந்து கயிறு திரித்தார், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று வெள்ளையம்மாவிடம் பெருமையடித்தேன். ஒரு சக்களத்தியை ஒரே வார்த்தையில் துரத்தியவள் நான்.

ஆனால் வியாழக்கிழமை வந்தால் இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காற்று எங்கள் பக்கம் அடிக்கும். அரூரில் யாரோ, ராசிபுரத்தில் யாரோ, வரிசையாக ஆண்களின் பெயர்களை அவள் சொல்லிக்கொண்டே போவாள். இவர் கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாப் பெயரும் வந்து, இவர் பெயர் வராமல், பாட்டுப் போட்டுவிடுவாள். இவர் மறுபடி கயிற்றை முறுக்குவார். ஒரு நாள் நான் மாட்டுக்கொட்டகையில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். மாடு மட்டும் கேட்டால் தோஷமில்லை என்று நினைத்தேன். வாய் வரவில்லை. ஊரையே கூட்டி வைத்துக் கத்தினவளுக்குத் தனியாக முணுமுணுக்க முடியவில்லை.

வாயால் சொல்லக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கையைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள். அதாவுல்லா பாயிடம் ஒரு கார்டு வாங்கிவரச் சொல்லி, இவர் ஏர் ஓட்டப் போயிருந்தபோது எழுதினேன். அவளிடம் கேட்க எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. எங்கள் கோழிகளுக்குக் கண் வீங்குகிறது, என்ன வைத்தியம் என்று எழுதினேன். கோழிகள் நன்றாகத்தான் இருந்தன. கீழே இவர் பெயரை முதலெழுத்தோடு முழுசாக எழுதினேன். எழுதும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் புருஷன் பெயரை என் கையாலேயே எழுதி, அதைச் சொல்லும்படி அவளுக்கு அனுப்புகிறேனே என்ற கோபம்.

மூன்று வியாழக்கிழமை ஒன்றும் வரவில்லை. நான்காவது வாரம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "பாகலூரிலிருந்து" என்றாள். அப்புறம் இவர் பெயரைச் சொன்னாள். அதே மாதிரி மரியாதையோடு, ஒவ்வோர் எழுத்தாக, நன்றாகத்தான் சொன்னாள்.

இவர் எழுந்து நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் எழுதலியே" என்றார்.

நான் நிமிரவில்லை. "போயிக் கேட்டுட்டு வாங்க, கோழிக்கு என்னா வைத்தியமாம்" என்றேன்.

அப்புறம் தெருவில் இறங்கிப் போனார். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. சாம்பலை அள்ளிப் போட்டு, தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன்.